மாசியில் வெட்டிய நிழல்

தம்பி,

நலமா என்று கேட்டு இதைத் தொடங்கப் போவதில்லை. காலையில்தான் போனில் பேசினோம், நன்றாகத்தான் இருக்கிறாய். பேசி முடித்து அரை மணி நேரம் ஆவதற்குள் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். காரணம் வேறொன்றுமில்லை. போனில் எனக்குப் பொய் சரளமாக வருகிறது. எழுத உட்கார்ந்தால் கை கூசுகிறது. மதியம் பண்ணைக்காட்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறுகிற காய்கறி ஜீப்பில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். நீயும் சுதாவும் சேர்ந்து படியுங்கள். கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது, மாமியார் எப்படிப்பட்டவள் என்று அவளுக்கும் தெரியட்டும். வேறு யார் கேட்டாலும் படித்துக் காட்டு. எனக்கு மறைப்பதற்கு இனி ஒன்றுமில்லை.

உன் அட்டுவம்பட்டி வீட்டுக் கூரையில் சோலார் போடலாமா, போட்ட காசுக்குப் பிரயோசனம் உண்டா என்று போன மாதம் கேட்டாய். கேட்ட வாயோடு நீயே பதிலும் சொன்னாய்: “நம்ம வீட்லதான் நல்லா ஓடுதேம்மா, அப்புறம் என்ன யோசனை?” மாடி அறையை வாடகைக்கு விட்டு, வாசலில் சோலார் ஹோம் ஸ்டே என்று போர்டு வைத்தால் பெங்களூர்க்காரர்கள் தேடி வருவார்கள் என்றாய். ஒரே இடைஞ்சல், பக்கத்து வீட்டுக் காதர் மாமாவின் பேரி மரம். அது உன் கூரையின் தெற்குப் பக்கத்தை மூடிக்கொண்டு நிற்கிறது. நீ கேட்டதற்கு அவர் “பாப்போம் தம்பி” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். இருபது வருசமாக நம் மிளகை வாங்குகிறவர், அம்மா சொன்னால் தட்ட மாட்டார் என்று என்னைப் போய்க் கேட்கச் சொன்னாய். நானும் நேற்றுப் போய்க் கேட்டேன். அதற்குப் பிறகுதான் என்மேல் எனக்கே இப்படி ஒரு அருவருப்பு. அதைச் சொல்வதற்கு முன்னால், நம் வீட்டில் ‘நல்லா ஓடுகிற’ லட்சணத்தை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு வருசத்துக்கு முன்னால் உன் பெரியம்மா வீட்டில் சோலார் போட்டார்கள். அவள் வீடு ரோட்டோரம் மேட்டில் இருக்கிறது, சுற்றிலும் ஒரு செடி கிடையாது. போட்ட மறு வாரமே என்னைக் கூப்பிட்டுக் கூரையைக் காட்டினாள். “எங்களுக்கு இனி கரண்டு பில்லே கெடையாதுடி” என்று அவள் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. வேறு நல்ல வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை. ஓரகத்திகளுக்குள் இருக்கும் இந்தப் போட்டி ஒரு வியாதி தம்பி. அவள் ஃபிரிட்ஜ் வாங்கினால் நான் பெரிய ஃபிரிட்ஜ், அவள் டைல்ஸ் ஒட்டினால் நான் கிரானைட். அறுபது வயதுக்கு மேலும் இந்தக் கேவலம் விட்டுப் போகவில்லை. வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னது, மலையில் கரண்ட் அடிக்கடி போகிறது, பூமிக்கும் நல்லது என்றெல்லாம். பூமியைப் பற்றி அன்றைக்கு முன்னாலும் நான் கவலைப்பட்டதில்லை, பின்னாலும் இல்லை.

மதுரையிலிருந்து ஒரு பையன் வந்தான். மாசி மாதம், வானத்தில் ஒரு துண்டு மேகம் கிடையாது. போனில் திசை பார்த்தான், கூரையில் ஏறி அளந்தான், நம் காபியை இரண்டு டம்ளர் குடித்துவிட்டு ஆகா ஓகோ என்றான். “அம்மா, வெயிலு சும்மா கொட்டுது உங்க வீட்டுக்கு. தெக்க நிக்கிற இந்த மரந்தான் மறைக்குது. தலைய மட்டும் எறக்கிட்டீங்கன்னா வருசம் பூராம் கரண்டு உங்களுது” என்றான். அவன் காட்டியது மேல் தோட்டத்து நிழல் மரங்களை. ஐந்து சில்வர் ஓக், இரண்டு பலா. ஏழிலும் மிளகுக் கொடி ஏறியிருந்தது. அந்த ஏழு மரத்து நிழலில்தான் மேல் தோட்டத்துக் காபி நின்றது. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீ ஏழாவது படிக்கும்போது நாற்று எடுத்துக் கொடுத்த தோட்டம்தானே. ஆனால் சுதா சமவெளிப் பெண், அவளுக்காகச் சொல்கிறேன்: காபிச் செடி வெயிலில் வளராது. நிழலை விற்றால் காபியை விற்ற மாதிரி.

நிழல் மரத்தில் கொப்பு கழிப்பது நாங்கள் வருசா வருசம் செய்கிற வேலைதான். ஆனால் அதற்குக் காலம் உண்டு. கோடை மழை நன்றாக விழுந்து மண் குளிர்ந்த பிறகுதான் நிழலில் கத்தி வைப்போம். அதுவும் கொப்பு கொப்பாகப் பார்த்து, புள்ளி வெயில் செடிமேல் விழுகிற அளவுக்குத்தான். மாசி வெயிலில் யாரும் மரத்தைத் தொட மாட்டார்கள். இது பண்ணைக்காட்டில் காபி பறிக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? உன் அப்பா, பாவம், “மழ விழுகட்டுமே, இப்ப என்ன அவசரம்?” என்று இழுத்தார். “ஒங்க அண்ணன் பொண்டாட்டி நம்மளப் பாத்துச் சிரிக்கட்டும்னு இருக்கீங்களா?” என்று நான் கேட்டதும் சரி என்றுவிட்டார். அவருக்குச் சண்டை பிடிக்காது. அவருடைய அந்த நல்ல குணத்தை நாற்பது வருசமாக நான் எனக்குத் தோதாகப் பயன்படுத்தி வருகிறேன்.

மரம் ஏறச் செல்லையாவைக் கூப்பிட்டேன். சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து தாய் தகப்பனோடு வந்தவர், உனக்கு நன்றாகத் தெரியும். அவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, “இப்ப நெழல்ல கை வைக்க ஏலாதுங்கம்மா. காபி கருகிப் போகும். ஒரு மழ விழுகட்டும், நானே வந்து கழிச்சுத் தாரேன்” என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். “தோட்டம் ஒன்னுதா என்னுதா? அகதியா வந்த ஆளு எனக்குக் காபி சொல்லித் தர வேணாம். சோலியப் பாத்துட்டுக் கூலிய வாங்கிட்டுப் போ” என்றேன். அவர் என் வயதுக்காரர். அந்த வார்த்தையை எழுதும்போது இந்த நோட்டைத் தூக்கி அடுப்பில் போடலாமா என்றிருக்கிறது. அவர் ஏறி ஏழு மரத்தின் தலையையும் இறக்கினார். மிளகுக் கொடியும் சேர்ந்து வந்தது. மூன்றாம் நாள் கூரையில் பலகைகள் ஏறிவிட்டன. போகும்போது அந்தப் பையன் நம் கேட்டில் பச்சை இலை படம் போட்டு ‘இயற்கையைக் காப்போம்’ என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டினான். பின்னாலேயே ஏழு மரம் மொட்டையாக நின்றது. நானும் இளித்துக்கொண்டு அந்தக் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன். நீ இதயம் போட்டாய்.

வெயில் இருந்த வரைக்கும் பில் குறைந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆடிக் காற்றில் எங்கோ மரம் விழுந்து லைன் அறுந்தது. மத்தியான நேரம், மிக்ஸியில் சட்னி பாதி அரைபட்டிருந்தது. எனக்கோ ஒரே கொண்டாட்டம், ஊரே இருட்டாகட்டும், நம் வீட்டில் ஓடும் என்று சுவிட்சைத் தட்டினேன். ஓடவில்லை. வெளியே வெயில் அடிக்கிறது, கூரையில் பலகை பளபளக்கிறது, உள்ளே ஒரு பல்பு எரியவில்லை. மதுரைக்குப் போன் போட்டேன். “லைன்ல வேல பாக்குறவங்களுக்கு ஷாக் அடிச்சிறக் கூடாதுல்லம்மா, அதனால மெயின் கரண்டு போனா இதுவும் தானா நின்னுரும். பேட்டரி வேணும்னா அது தனி, அதுக்கு வேற ரேட்டு” என்றான். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கத்தினேன். “நீங்க கேக்கலையேம்மா” என்றான். உண்மைதான், நான் கேட்கவில்லை. கேட்டால் ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்துவிடுவானோ என்று தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சாயங்காலம் உன் பெரியம்மா வீட்டுப் பக்கம் பார்த்தேன். அங்கேயும் மெழுகுவத்தி. மறுநாள் கடையில் பார்த்துக்கொண்டோம். இரண்டு பேரும் தக்காளி விலையைப் பேசிவிட்டு வந்தோம்.

ஐப்பசி, கார்த்திகையில் மூட்டம் இறங்கியது. பகல் பதினொரு மணிக்கு எதிர் வீடு தெரியாத ஊரில், மாசி வெயிலைப் பார்த்து விலை பேசியிருக்கிறேன். மூட்டம் விலகினால் குரங்கு. காலையில் குளிர் காய அதற்குச் சூடான பலகையைவிட நல்ல இடம் ஏது? குடும்பத்தோடு வந்து உட்காரும், பேன் பார்க்கும், அங்கேயே இருந்து வைக்கும். நாற்றம் கூரையிலிருந்து அடுக்களைக்கு இறங்கும். உன் அப்பா வாரம் ஒருதரம் ஏணி வைத்து ஏறி, வாளித் தண்ணீரும் துணியுமாகக் குரங்குப் பீயைத் துடைத்தார். அறுபத்தெட்டு வயதில். போன வருசம் அவர் மணிக்கட்டில் கட்டுப் போட்டாரே, குளியலறையில் வழுக்கிவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். பொய். அந்த ஏணியிலிருந்துதான் விழுந்தார். அவரும் உன்னிடம் குளியலறை என்றே சொன்னார், நான் சொல்லச் சொன்னதால்.

அதையும் பொறுத்திருப்பேன். மேல் தோட்டத்தை என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த வருசம் பூ மழைக்கு, அதாவது கோடையின் முதல் மழைக்கு, பூத்தது எல்லாம் வெயிலில் கருகி உதிர்ந்தது. அடுத்த வருசம் நன்றாக நின்ற செடிகள் ஒவ்வொன்றாக மஞ்சளடித்தன. ஒரு செடியைப் பிடித்து அசைத்தேன், முருங்கைக் கொப்பு மாதிரி முறிந்து கையோடு வந்தது. உள்ளே தண்டு பூராவும் தூளாகி, நடுவில் வெள்ளையாக ஒரு புழு கொழுத்துக் கிடந்தது, நெளிந்தது. தண்டு துளைப்பான். நிழலில் இருக்கிற செடியை அது அவ்வளவாகத் தேடி வராது, வெயில் படுகிற தண்டில்தான் முட்டை வைக்கும். செல்லையாவும் இரண்டு பெண்களும் செடியைப் பிடுங்கப் பிடுங்க நான் குவித்து எரித்தேன். மேல் தோட்டத்தில் பாதி அப்படிப் போயிற்று. செல்லையா ஒரு வார்த்தை, ‘அன்னைக்கே சொன்னேனே’ என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன், மனசும் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் கேட்கவில்லை. கூலியை எண்ணி மடியில் வைத்துக்கொண்டு, “மழ விழுந்ததும் நெழலுக்குக் கல்யாண முருங்க ஊனிருவோங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். உன்னிடம் போனில் என்ன சொன்னேன்? “இந்த வருசம் ஊரு பூராம் பூச்சிடா, நமக்கு மட்டுமா?” ஊர் பூராவும் இல்லை. நமக்கு மட்டும்தான்.

நீ கேட்கும்போதெல்லாம் சோலார் நன்றாக ஓடுகிறது என்றே சொன்னேன். ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். ஏமாந்தது கூட எனக்கு வெட்கமில்லை, ஏமாறாதவர்கள் யார்? பெரியம்மாவைப் பார்த்துப் போட்டேன் என்பதும், சொன்னவர்கள் பேச்சைக் கேட்காமல் போட்டேன் என்பதும் பிள்ளைக்குத் தெரியக் கூடாது. நம் அம்மா தோட்டக்காரி, கணக்காக நடப்பவள் என்று சுதாவிடம் நீ பெருமையாகச் சொல்வாயே, அந்தப் பெயர் எனக்கு வேண்டியிருந்தது. அந்தப் பெயரை நம்பித்தான் நீ இப்போது உன் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறாய்.

சரி, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். பிரயோசனம் உண்டா? சில வீட்டுக்கு உண்டு. உன் பெரியம்மாவுக்கு உண்டு என்பதைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொள்கிறேன். அவள் வீடு மொட்டை மேட்டில் இருக்கிறது, தோசை மாவு விற்கிறாள், பகல் முழுக்க கிரைண்டரும் மோட்டாரும் ஓடுகிறது. வத்தலக்குண்டுப் பக்கம் வெட்டவெளியில் வீடு வைத்திருப்பவனுக்கும் இருக்கும். நீயும் சுதாவும் எட்டரைக்கு வீட்டைப் பூட்டினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வருகிறீர்கள். கொடைக்கானலில் ஃபேன் கிடையாது, ஏசி கிடையாது. இரண்டு மாதத்துக்கு முதல் நூறு யூனிட்டுக்கு அரசாங்கமே காசு வாங்குவதில்லை. மிச்சத்துக்கு நீ கட்டுகிற பில் இரண்டு பேர் ஓட்டலில் ஒருவேளை சாப்பிடுகிற காசு. அதைக் குறைப்பதற்கு எத்தனை வருசத்துச் சம்பளத்தைக் கூரையில் ஏற்றப் போகிறாய்? போடத்தான் வேண்டும் என்றால், சித்திரையில் கூரையைப் பார்க்காதே, கார்த்திகையில் பார். கரண்ட் போனால் எரியுமா என்று வாய் விட்டுக் கேள். ஆங்கிலத்தில் இருக்கிற ஒப்பந்தத் தாளை ஒரு வரி விடாமல் படித்துச் சொல்லச் சொல். அடுத்தவன் மரத்தை வெட்டினால்தான் ஓடும் என்றால், அது உனக்கு ஏற்ற பண்டமே இல்லை. பெங்களூர்க்காரன் போர்டைப் பார்த்து வருவான் என்கிறாய். மரத்தை மொட்டையடித்துவிட்டு இயற்கை என்று போர்டு வைக்கிற அசிங்கத்தை நான் ஒருத்தி செய்தது போதும்.

இப்போது நேற்றைய கதை. இதையெல்லாம் உன்னிடம் சொல்லித் தடுக்கத் தைரியமில்லாமல், நீ சொன்னபடியே கொடைக்கானல் பஜாருக்குப் போனேன். கையோடு ஒரு சாக்கு மிளகு. காதர் மாமா கடையில் நான்கு பேர் நின்றார்கள். ஒவ்வொருவர் சாக்கிலும் கையை அடிவரை விட்டு அள்ளிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார். ஒருவனிடம், “என்னப்பா, எடைக்காகப் பப்பாளி வெதைய மிளகுல கலந்திருக்க?” என்று விரலில் எடுத்துக் காட்டித் திருப்பி அனுப்பினார். என் சாக்கு வந்ததும் அப்படியே தராசில் தூக்கி வைத்தார். நான் மரத்தைப் பற்றிக் கேட்டேன். “எங்க வீட்டு அம்மாவுக்கு அந்த மரம்னா உசுரு. பேரிக்கா சீசன்ல வித்துத்தான் பேரப் பிள்ளைகளுக்கு ஏதாச்சும் வாங்கும். ஆனா நீங்க கேட்டு நான் இல்லைன்னு சொல்லவா தங்கச்சி? வர்ற வியாழக்கெழம ஆள வரச் சொல்லிர்றேன்” என்றார். பிறகு டீயை என் பக்கம் நகர்த்திவிட்டுக் கேட்டார், “ஆமா, உங்க வீட்ல போட்டு ரெண்டு வருசமாச்சே, நல்லா வேல செய்யுதா?”

நான் சொன்னேன், “நல்லா செய்யுதுங்கண்ணே.”

அவர் நம்பினார். முகத்தில் ஒரு சந்தேகம் இல்லை. “நீங்க சொன்னாச் சரிதான். இருவது வருசத்துல உங்க சாக்க நான் அவுத்துப் பாத்ததே இல்ல” என்று சிரித்தார்.

திரும்பும்போது பெருமாள்மலை தாண்டியதும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி வாந்தி எடுத்தேன். பிறந்ததிலிருந்து இந்த வளைவுகளில் ஏறி இறங்குகிறேன், பிள்ளை வயிற்றில் இருந்தபோது கூட எனக்கு வாந்தி வந்ததில்லை. கண்டக்டர் ஒரு எலுமிச்சம்பழத்தை நீட்டி, “வளைவு ஒத்துக்கலையாம்மா?” என்றார். ஆமாம் தம்பி என்றேன். அதுவும் பொய். காலையில் நீ போன் செய்து, “மாமா ஒத்துக்கிட்டாராம்ல, சூப்பர்மா” என்றாய். அதற்கும் சிரித்தேன். வைத்துவிட்டு நோட்டை எடுத்தேன்.

இன்றைக்குச் செவ்வாய். மரம் வெட்ட ஆள் வருவது வியாழன். நாளைக்கு முதல் பஸ்ஸில் நான் கொடைக்கானலுக்கு வருகிறேன். உன் வீட்டுக்கு வர மாட்டேன், நேராகக் கடைக்குத்தான். நீ லீவு போட்டுவிட்டு அங்கே வந்து என் பக்கத்தில் நில். என்னைக் காப்பாற்ற வேண்டாம், பேசவும் வேண்டாம், கேட்டால் போதும். கோபம் இருந்தால் மரத்துமேல் காட்டாதே, என்மேல் காட்டு. சாயங்காலம் திரும்பி வந்து செல்லையா வீட்டுக்கும் போக வேண்டும். அது இதைவிடக் கஷ்டம். காதர் மாமா எனக்குக் காசு கொடுக்கிறவர், செல்லையா என்னிடம் கூலி வாங்குகிறவர். கொடுக்கிறவரிடம் தலை குனிவது எனக்குப் பழக்கம், வாங்குகிறவரிடம் குனிந்ததே இல்லை.

கடையில் நான் நுழைந்ததும் வழக்கம்போல, “வாங்க தங்கச்சி, டீ சொல்லவா?” என்பார். டீ வருவதற்குள் சொல்லிவிட வேண்டும். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை, இது மட்டும்தான் எழுதி வைத்திருக்கிறேன்: இருபது வருசத்தில் ஒரே ஒரு தரம், முந்தாநாள், நான் உங்களுக்குப் பப்பாளி விதை கலந்து கொடுத்துவிட்டேன் அண்ணே. அவிழ்த்துப் பாருங்கள், மரத்தை வெட்டாதீர்கள்.

உன் அம்மா